ரேம் பாதி காலி, ஆனாலும் ‘மெமரி இல்லை’ – ஏன்? டாம் கில்பர்னின் கதை

சர்வர் பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்தத் தலைவலி பழக்கமானது. ரேமில் பாதி சும்மா கிடக்கும். ஆனால் எலாஸ்டிக்சர்ச் கிளம்ப மறுத்து, 65,530 என்ற எண்ணைக் காட்டி, இது போதாது என்று நிற்கும். இடம் இருக்கு, அப்புறம் என்ன பிரச்சினை? பதிலுக்கு லினக்ஸுக்கும் முந்தைய ஒரு மனிதரிடம் போக வேண்டும்.

டாம் கில்பர்ன் 1921-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் டியூஸ்பரி என்ற ஊரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். இரண்டாம் உலகப் போர் அவரை ரேடார் ஆய்வுக்கு இழுத்துப்போனது. அங்கே கிடைத்த மூத்தவர் ஃபிரெடி வில்லியம்ஸ். 1946 கடைசியில் இருவரும் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்கள்.

அன்றைக்குக் கம்ப்யூட்டருக்கு இருந்த பெரிய குறையே மெமரிதான். பழைய டிவி திரை போன்ற குழாயில் மின்னூட்டப் புள்ளிகளாகத் தகவலை வைக்க முடியும் என்று இருவரும் காட்டினார்கள். புள்ளி சட்டென்று மங்கிவிடும். எனவே படித்துப் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். (இன்றைய போன் ரேமிலும் இதே கதைதான்.) அந்தக் குழாயைச் சோதிக்கக் கட்டிய ‘பேபி’, 1948 ஜூன் 21-ல் கில்பர்ன் எழுதிய புரோகிராமை 52 நிமிடம் ஓட்டி விடை சொன்னது. மெமரியில் வைத்த புரோகிராமை ஓட்டிய முதல் எலெக்ட்ரானிக் கம்ப்யூட்டர் அதுதான். அதன் மொத்த மெமரி 128 பைட். ஒரு எஸ்எம்எஸ்ஸே 140 பைட்!

பெயர் வாங்கித் தந்தது பேபி என்றாலும், இன்று நம் ஒவ்வொரு போனிலும் ஓடுவது அதற்குப் பிறகு அவர் செய்த வேலை.

1950-களில் மெமரி இரண்டு வகை. வேகமான ‘கோர்’ மெமரி, விலை அதிகம். சுழலும் காந்த ‘டிரம்’, விலை குறைவு, ஆனால் ரொம்ப மெதுவு. புரோகிராமைத் துண்டு துண்டாக வெட்டி, எது எப்போது டிரம்மிலிருந்து கோருக்கு வரணும் என்று புரோகிராமரே கையால் திட்டமிட வேண்டும். கணக்குப் போடுவதைவிட இதற்கே நேரம் போனது. இந்தச் சுமையை மெஷினே சுமக்கட்டும் என்பது கில்பர்ன் குழுவின் முடிவு. அதற்காக உருவானது ‘அட்லஸ்’. 1962 டிசம்பர் 7-ல் தொடங்கிவைக்கப்பட்டது.

அது எப்படி வேலை செய்தது? பெரம்பலூர் பக்கம் ரஞ்சன்குடி கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்குக்காக, கோட்டைக்குள் 32 அறை, வெளியே ஊரில் 192 வீடு என்று வைப்போம். அட்லஸின் கோர் 32 பக்கம், டிரம் 192 பக்கம். ஒரு பக்கம் 512 சொற்கள். புரோகிராம் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடும், அவ்வளவுதான். வாசலில் 32 பெயர்ப் பலகை. காவலர் அத்தனையையும் ஒரே பார்வையில் பார்ப்பார். பேர் இருந்தால் சரி. இல்லையென்றால் ஊரிலிருந்து அழைத்து வருவார். வருபவர் காத்திருக்கக் கூடாது என்று ஓர் அறை எப்போதும் காலியாகவே இருக்கும். ஆள் வந்து அமர்ந்ததும், அடுத்து யாரை வெளியே அனுப்புவது?

இதில்தான் சாமர்த்தியம். கோர் மெமரிக்கு 2 மைக்ரோ விநாடி என்றால் டிரம்முக்குச் சராசரியாக 6 மில்லி விநாடி, அதாவது 3,000 மடங்கு. தப்பான ஆளை அனுப்பினால் மெஷின் திண்டாடும். எந்தப் பக்கம் எத்தனை நேரம் சும்மா இருந்தது என்று குறித்துவைத்து, இனி ரொம்ப நேரம் தேவைப்படாததைக் கணித்து அனுப்பும் புரோகிராமை அட்லஸ் வைத்திருந்தது. நாம் இன்று வர்ச்சுவல் மெமரி என்பது இதைத்தான். ஐபிஎம் தன் சிஸ்டம்/370 வரிசைக்கு இதை அறிவிக்க 1972 ஆனது.

ஆனால் பலகைக்கும் காசு ஆகும். கோட்டையில் அறைக்கு ஒரு பலகை என்பதால் 32-ஓடு நிறுத்த முடிந்தது. இன்று லினக்ஸில் பலகைகளும் மெமரியில்தான் இருக்கின்றன. ஒரு புரோகிராம் இஷ்டத்துக்குச் சின்னச் சின்னப் பகுதிகளை மேப் செய்துகொண்டே போனால், அவற்றின் கணக்கை வைக்கவே கெர்னல் தன் மெமரியைக் கரைக்க வேண்டும். அதனால் வரம்பு. அது ஏன் 65,530? புரோகிராம் விழும்போது எழுதப்படும் டம்ப் ஃபைலில், பகுதிகளை எண்ண 16 பிட்தான் ஒதுக்கியிருந்தார்கள்; உச்சம் 65,535. கெர்னல் தானே சேர்க்கும் பகுதிகளுக்கு 5 விட்டுவைத்தார்கள். இந்த வரம்பு பகுதிகளின் எண்ணிக்கைக்குத்தான், அளவுக்கு இல்லை. அதைத் தாண்டினால், ரேம் எவ்வளவு காலியாக இருந்தாலும் கெர்னல் ‘மெமரி இல்லை’ என்றே பதில் தரும். தேடல் இண்டெக்ஸ் ஃபைல்களை ஏராளமாக மேப் செய்யும் எலாஸ்டிக்சர்ச் 262,144 கேட்டது இதனால்தான். கூட்டுவது ஒரே ஒரு செட்டிங். ஆனால் கணக்கு வைக்கும் மெமரியும் அதே சர்வரிலிருந்துதான் போகும்.

கில்பர்ன் 1964-ல் மான்செஸ்டரில் பிரிட்டனின் முதல் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையைத் தொடங்கினார். அட்லஸ் 1971-ல் நிறுத்தப்பட்டது. அடுத்து ‘எம்யூ5’ என்ற மெஷினையும் கட்டி முடித்து, 1981-ல் ஓய்வு பெற்றார். பேபியின் 50-ம் ஆண்டான 1998-ல், அதே மாதிரியில் திரும்பக் கட்டிய மெஷின் ஓடுவதைப் பார்த்தார். 2001 ஜனவரி 17-ல் மான்செஸ்டரில் காலமானார்.