கேப்டன் ட்ரைப்பும் ஒரு சின்ன துவாரமும்

மலருக்கு ஒரு பெரிய மனிதர் வாழ்க்கையை எழுதிக் கொடு என்று ஆசிரியர் குழுவில் கேட்டார்கள். காமராஜரையும் அப்துல் கலாமையும் எழுத நம்மில் நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்குக் கேமரா பைத்தியம். அதனால் நான் எடுத்துக்கொண்டவர் லின்னேயஸ் ட்ரைப். புகைப்பட வரலாறு படிப்பவர்களுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். நம்ம ஏரியாவில் கேட்டால், யாருப்பா அது என்பார்கள்.

இங்கிலாந்தில் டெவன்போர்ட் என்ற கப்பல் கட்டும் ஊரில் 1822-இல் பிறந்தவர். வீட்டில் பிள்ளைகள் நிறைய. பதினேழு வயதில், 1839-இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். அப்போது சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும், மசூலா படகில் ஏறி அலையில் நனைந்துதான் கரைக்கு வரவேண்டும். இன்றைக்குக் கன்டெய்னர் லாரி வரிசையில் நின்று அவதிப்படுகிற நமக்கு இதைக் கற்பனை செய்வதே கஷ்டம்.

பத்துப் பன்னிரண்டு வருஷ சர்வீசுக்குப் பிறகு லீவில் ஊருக்குப் போனவர், அங்கே புதுசாகப் பரவிக்கொண்டிருந்த புகைப்படக் கலையைக் கற்றுக்கொண்டார். 1854-இல் பெங்களூர் திரும்பியதும் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படம் பிடித்தார். 1855 சென்னைக் கண்காட்சியில் அந்தப் படங்களுக்கு முதல் தரப் பரிசு கிடைத்தது. அதே வருஷம் பர்மா மன்னர் மின்டோனிடம் போன தூதுக்குழுவோடு அனுப்பினார்கள். மழை, மேகம், காய்ச்சல் எல்லாவற்றையும் தாண்டி 120 படங்களைத் தொகுத்துக் கொடுத்தார். 1856-இல் சென்னை அரசாங்கத்தின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர் ஆனார். நம்ம ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் திறந்ததும் அதே 1856-இல்தான்.

அந்த ஸ்டேஷனை வைத்தே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் ட்ரைப் பட்ட பாடு புரியும்.

லென்ஸுக்குள் வெளிச்சம் நுழைகிற துவாரத்துக்கு அபர்ச்சர் என்று பெயர். பைப்பில் வால்வைத் திறந்து மூடுகிற மாதிரிதான். ஆனால் எண்கள் தலைகீழ். ஃபோகல் லெங்த்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் எஃப் நம்பர். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் துவாரம் 25 மி.மீ.; எஃப் 16 என்றால் 3 மி.மீ.க்குச் சற்று மேல். நம்பர் பெருசானால் ஓட்டை சிறுசு! 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் பாதியாகும். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால்தான் அந்த எண்கள் ரூட் 2-ஆல் பெருகுகின்றன. முதல் செமஸ்டர் கணக்கு இங்கேயும் வந்துவிட்டது பாருங்கள்.

ராயபுரம் ஸ்டேஷன் முகப்புத் தூண்களை ஓரத்தில் நின்று எஃப் 2-இல் எடுங்கள். ஃபோகஸ் வைத்த தூண் பளிச்சென்று இருக்கும், பின்னால் இருப்பவை கரைந்துபோகும். எஃப் 16-இல் எடுத்தால் எல்லாமே தெளியும். துவாரம் சின்னதானால் உள்ளே வரும் ஒளிக்கதிர்கள் ஒல்லியான கூம்பாக வரும். ஃபோகஸ் தப்பிய புள்ளிகூட பெரிய வட்டமாகப் பரவாது. இதற்கு விலை உண்டு. எஃப் 2-இல் 1/125 விநாடி போதுமென்றால், எஃப் 16-க்கு 64 மடங்கு, ஏறக்குறைய அரை விநாடி. நடந்து போகிறவர் புகையாகிவிடுவார்.

இப்போது ட்ரைப்பிடம் வருவோம். அவர் காலத்தில் படத்தைப் பெரிதாக்கும் வசதி நடைமுறையில் இல்லை. எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய நெகட்டிவ். அவருடையது ஏறக்குறைய 15 அங்குலத்துக்கு 12 அங்குலம், அதுவும் மெழுகு ஏற்றிய காகிதம். அத்தனை பெரிய நெகட்டிவை நிரப்ப நீண்ட ஃபோகல் லெங்த் லென்ஸ் வேண்டும். ஃபோகல் லெங்த் கூடக்கூட, தெளிவாக விழும் ஆழம் குறையும். ஆகவே துவாரத்தைச் சுருக்கியே தீரவேண்டும். மெழுகுக் காகிதமோ மகா மந்தம். நல்ல வெயிலிலும் நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்கணும்.

கண்ணாடித் தகட்டில் எடுக்கும் கொலோடியன் முறை இதைவிட வேகமானது. ஆனால் தகடு காய்வதற்குள் எடுத்துக் கழுவியாக வேண்டும். நம்மூர் வெயிலில் அது எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கும்? மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம். அதனால் பெரிய படங்களுக்கு அதையே பெரும்பாலும் நம்பினார். எனக்கு இது சரியான இன்ஜினியரிங் முடிவாகத் தெரிகிறது.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பினார். தெற்கே ரயில் போடாத காலம். ராயக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று நாலு மாதத்துக்கு மேல் அலைந்தார். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்துக்குள் போய், வடக்குப் பக்க நடையில் நீளும் தூண்களை எடுத்தார். உள்ளே இருட்டு. பக்கவாட்டில் மட்டும் வெளிச்சம். அருகில் இருக்கும் தூணும் வேண்டும், கடைசித் தூணும் வேண்டும். இருட்டு பெரிய துவாரம் கேட்கிறது, ஆழம் சின்ன துவாரம் கேட்கிறது! நாம் இன்றைக்கு ஐ.எஸ்.ஓ.வை ஏற்றித் தப்பித்துவிடுவோம். அவருக்கு இருந்தது நேரம் ஒன்றுதான். காத்திருந்தார்.

அந்தக் காத்திருப்பில் காணாமல் போனவர்கள் நம்ம ஜனங்கள். அவர் எடுத்த பெரும்பாலான படங்களில் தெருவும் பிராகாரமும் வெறிச்சென்று கிடக்கும். கல்லுக்காகத் துவாரத்தைச் சுருக்கினால், பூ விற்றவரும் சாமி கும்பிட வந்தவரும் பதியவே மாட்டார்கள். அரசாங்கம் கேட்டது கட்டடங்களைத்தான் என்றாலும் எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. காற்றில் ஆடிய மரங்களையும் வெளுத்துப்போன வானத்தையும் மட்டும் விடவில்லை மனுஷன். நெகட்டிவ் மேலேயே சாயம் தீட்டி இலைகளையும் மேகங்களையும் சரிசெய்தார்.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை இருபத்தொரு நெகட்டிவ்களில் துண்டு துண்டாக எடுத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒட்டினார். ஒவ்வொரு தடவையும் கேமராவை நகர்த்தி அதே தூரம், அதே உயரம், அதே வெளிச்சம் வரவேண்டும். ஒன்று பிசகினாலும் எழுத்து அளவு மாறி ஒட்டு தெரிந்துவிடும். அழகுக்காக இல்லை, படிப்பதற்காக எடுத்தது. அந்தக் கல்வெட்டுகளை ஹூல்ஷ் அச்சில் கொண்டுவரத் தொடங்கியது 1891-இல்தான்.

1858-இல் சென்னைக்கு வந்து அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களையும் எடுத்தார். மறு வருஷமே அவற்றில் பல கப்பலேறி லண்டன் போய்விட்டன. மிச்சத்தை எழும்பூர் மியூசியத்தில் பார்க்கலாம். பீச் லைன் மின்சார ரயிலில் போய் வந்துவிடலாம், ஒருநாள் போங்கள்.

1859-இல் கவர்னராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெலியன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று முடிவுகட்டி நிறுத்திவிட்டார். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு கஜானா காலி என்பது உண்மைதான். ஆனாலும் ஆல்பங்கள் வெளிவந்த சூட்டோடு, அடுத்த பயணம் போகவேண்டிய ஆளை வெட்டிவிட்டது அநியாயம் என்றுதான் நான் சொல்வேன். 1860-இல் ட்ரைப் கடையைக் கட்டினார். பிறகு மறுபடி ராணுவ வேலை. 1870 வாக்கில் பர்மாவில் கொஞ்சம் படங்கள் எடுத்தார், அவ்வளவுதான். 1870-களில் ஊர் திரும்பி, 1902-இல் பிறந்த ஊரிலேயே காலமானார். உண்மையில் புகைப்படக்காரராக வேலை செய்தது ஏழெட்டு வருஷம்கூட முழுசாக இல்லை.

2014-15-இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் மூன்று ஊர்களிலும் அவர் படங்களுக்கென்றே தனிக் கண்காட்சி நடந்தது. அவர் எடுத்த புதுமண்டபப் படம் புத்தகத்தில் கண்ணில் பட்டால், முதல் தூணைப் பார்த்துவிட்டு அப்படியே கடைசித் தூண் வரை கண்ணை ஓட்டிப் பாருங்கள்.