குமிழியில் வளர்ந்த குழந்தை

பிறந்த குழந்தையை வாரி எடுத்து முத்தமிடுவது தாய்மார் இயல்பு. அந்த முத்தம் பன்னிரண்டு வயது வரை கிட்டாமலே வளர்ந்தவன் டேவிட் வெட்டர். உலகம் அவனைக் குமிழிச் சிறுவன் என்றே அறியும்.

1971 செப்டம்பர் 21ஆம் நாள் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் அவன் பிறந்தான். நோயை எதிர்க்கும் ஆற்றல் பிறவியிலேயே இல்லாததால், அவன் அண்ணன் ஏழு மாதத்தில் மாண்டிருந்தான். அடுத்த மகனுக்கும் அக்குறை வரலாம் என்று மருத்துவர்கள் அஞ்சினர். ஆகவே பிறந்த சில நொடிகளிலேயே டேவிட்டைக் கிருமியற்ற பிளாஸ்டிக் குமிழிக்குள் வைத்தனர். உணவும் உடையும் பொம்மையும் கிருமி நீக்கிய பின்னரே உள்ளே சென்றன. குமிழியின் சுவரில் பொருத்திய ரப்பர் கையுறை வழியாகவே பெற்றோர் அவனைத் தொட்டனர்.

பிறருடைய எலும்பு மஜ்ஜையைச் செலுத்துவதே அன்றிருந்த மருந்து. 1968இல் மின்னசோட்டாவில் ராபர்ட் குட் என்னும் மருத்துவர், இத்தகைய குழந்தை ஒன்றை அதன் தமக்கையின் மஜ்ஜையால் பிழைக்க வைத்திருந்தார். டேவிட்டின் தமக்கை கேத்தரினின் மஜ்ஜையோ அவனுக்குப் பொருந்தவில்லை. பொருந்தாத மஜ்ஜையின் அணுக்கள், விருந்தினர் வீட்டுக்காரனையே அடிப்பதுபோல, ஏற்றவன் உடலைத் தாக்கும். எனவே காத்திருந்தனர், ஆண்டுகள் ஓடின.

தாக்கும் அணுக்களை முன்கூட்டியே நீக்கும் முறை பின்னர் வந்தது. 1983 அக்டோபரில் கேத்தரினின் மஜ்ஜை அவனுக்குச் செலுத்தப்பட்டது. அந்தோ! அதில் எப்ஸ்டைன்-பார் வைரஸ் ஒளிந்திருந்தது. நம்மில் பெரும்பாலோர் உடலில் தீங்கின்றி உறங்கும் அந்த வைரஸ், அவனிடம் புற்றுநோயாக மூண்டது. 1984 பிப்ரவரியில் குமிழியை விட்டு வெளியே வந்தான். தாய் முதன்முறையாக முத்தமிட்டாள். அம்மாதம் 22ஆம் நாள் மறைந்தான்.

அவன் நோய்க்குக் காரணமான மரபணு 1993இல் கண்டறியப்பட்டது. பிறந்தவுடன் ஒரு துளி இரத்தத்தால் நோயை அறியும் சோதனை, 2018க்குள் அமெரிக்க மாநிலங்கள் அனைத்திலும் வந்துவிட்டது. பிறந்து மூன்று நான்கு மாதத்துக்குள் மஜ்ஜை மாற்றினால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் பிழைக்கின்றன.

நம் நாட்டில் அச்சோதனை இன்னும் எங்கும் பரவவில்லை. மஜ்ஜை மாற்றும் சிகிச்சையோ வேலூரில் 1986இலேயே தொடங்கிவிட்டது. காலத்தில் கண்டறிவதே குறை. இங்கே பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. தடுப்பூசி பிற குழந்தைகளைக் காக்கும். உயிருள்ள கிருமியால் ஆனதால், இக்குறையுள்ள குழந்தைக்கு மட்டும் கேடாகும். முன்பே கைக்குழந்தைகளைத் தொற்றுநோய்க்குப் பறிகொடுத்த குடும்பம், அடுத்த பேற்றுக்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

தோழர்களே, பெங்களூரில் பயிலும் நாம் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இந்த ஒரு செய்தியையேனும் வீட்டில் சொல்வோம். டேவிட்டுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.