அழியாதிருக்க விரும்பிய மிஸ்ர் மன்னர்

நம் சகோதரர்களில் அநேகர் வியாபாரிகள். நாள்தோறும் மிளகு நம் தராசில் ஏறி இறங்குகிறது. நாம் வாழும் ஜொகூர் மாநிலமே ஒரு காலத்தில் மிளகினாலும் கம்பீரினாலும் செழித்த பூமி. மாநிலச் சின்னத்தில் அவ்விரு செடிகளின் இலைகளும் இன்றும் இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் மூவாயிரத்து இருநூறு வருஷங்களுக்கு முன்பே இதே மிளகு ஒரு மாமன்னரின் மூக்கினுள் வைக்கப்பட்ட செய்தி நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்தாம் மிஸ்ர் என்னும் எகிப்து தேசத்தை ஆண்ட இரண்டாம் ராம்ஸெஸ். அவருடைய சரித்திரத்தில் நமக்கும் படிப்பினை இருப்பதால் அதனை இங்கே சுருக்கமாக எழுதுகிறோம்.

ராம்ஸெஸ் சுமார் கி.மு. 1303-இல் பிறந்தார். தந்தை ஸேத்தி மன்னர், தாயார் தூயா. பாட்டனார் படை அதிகாரியாக இருந்து அரசரானவர். ஆகவே அவர்களுடையது புதிதாக எழும்பிய வம்சம். கி.மு. 1279-இல், சுமார் இருபத்தைந்து வயதில், ராம்ஸெஸ் பட்டத்துக்கு வந்தார். அதன் பின் 66 வருஷங்கள் ஆண்டார். மிஸ்ர் மன்னர்களுக்குப் பிர்அவ்ன் என்ற பட்டம் உண்டு. பெரிய மாளிகை என்பதே அச்சொல்லின் பொருள்.

அத்தேசத்தின் உயிர் நைல் நதி. ஆண்டுதோறும் வெள்ளம் வந்து, வடியும்போது கரிய வண்டலை விட்டுச் செல்லும். அதில் கோதுமையும் வாற்கோதுமையும் விளைந்தன. நாணயம் கிடையாது, வரியும் கூலியும் தானியமாகவே அளக்கப்பட்டன. அளப்பதற்கும் எழுதுவதற்கும் கணக்கர்கள் ஊர்தோறும் இருந்தனர். எழுதத் தெரிந்தவனுக்கு அங்கே மிகுந்த மதிப்பு.

மன்னர்களுக்குக் கல்லறை குடைந்த தொழிலாளர்கள் இன்றைய லுக்ஸர் நகருக்கு எதிர்க்கரையில் தனிக் கிராமமாக வாழ்ந்தார்கள். அவர்கள் அடிமைகளல்லர்; கூலி பெற்ற கைவினைஞர்கள். ராம்ஸெஸின் நாற்பதாவது ஆட்சியாண்டில் அவர்களுக்காக எழுதப்பட்ட வருகைக் கணக்கு, சுண்ணாம்புக் கல்லில் எழுதியபடியே கிடைத்திருக்கிறது. யார் யார் எந்த நாளில் வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று அதில் இருக்கிறது. ஒருவனைத் தேள் கொட்டியது. ஒருவனுக்குக் கண் நோய். ஒருவன் வீட்டில் மௌத்து. நம் கடைகளில் ஆள் கணக்கு எழுதுவது போலத்தான்! அந்தச் சிறு கல்லில் உள்ள கணக்கை நாம் உண்மையென்று நம்பலாம். மன்னர் பெரிய சுவர்களில் எழுதிவைத்த கணக்கு அப்படிப்பட்டதன்று.

அதற்கு ஒரு சான்று கூறுவோம். சுமார் கி.மு. 1274-இல், ஷாம் தேசத்துக் காதேஷ் என்னும் ஊரருகே, ஹித்தி மன்னருடன் ராம்ஸெஸ் போரிட்டார். எதிரிப்படை வெகு தொலைவில் ஹலப் நகரில் இருப்பதாக எதிரிகள் அனுப்பிய இருவர் பொய் சொன்னார்கள். அதனை நம்பி, சிறு படையுடன் அவர் முன்னே சென்று சிக்கிக்கொண்டார். பின்னால் வந்த படையின் உதவியால் உயிர் தப்பினார். காதேஷ் அவர் கைக்கு வரவில்லை. ஆயினும் தாம் தன்னந்தனியே பகைவரைச் சிதறடித்ததாகக் கோயிலுக்குக் கோயில் செதுக்கிவைத்தார்.

அவர் செய்த நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். பதினைந்து வருஷங்களுக்குப் பின், கி.மு. 1259 வாக்கில், அதே ஹித்திகளோடு சமாதான உடன்படிக்கை செய்தார். ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்றும், மூன்றாமவர் தாக்கினால் உதவுவது என்றும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அவ்வுடன்படிக்கையின் பிரதிகள் மிஸ்ரிலும் துருக்கியிலும் கிடைத்துள்ளன. ஐக்கிய நாடுகள் சபைக் கட்டடத்தில் அதன் நகல் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது.

கட்டடம் கட்டுவதில் அவருக்கு நிகர் எவருமில்லை. நைல் கழிமுகத்தில் தம் பெயரால் புதுத் தலைநகரம் எழுப்பினார். தெற்கே அபூ ஸிம்பெல் மலையைக் குடைந்து கோயில் செய்து, வாசலில் தம்முடைய உருவத்தையே இருபது மீட்டர் உயரத்தில் நான்கு முறை செதுக்கச் செய்தார். அஸ்வான் அணையின் நீரில் அது மூழ்காதபடி 1964 முதல் 1968 வரை பல தேசத்தார் கூடி அதனைத் துண்டு துண்டாக அறுத்து மேட்டில் வைத்தார்கள்.

ஆனால் மௌத்தை எந்தக் கட்டடம் தடுக்கும்? அவருக்குச் சுமார் நூறு பிள்ளைகள். மூத்த ஆண்மக்கள் பன்னிருவர் அவர் கண்முன்னே இறந்தார்கள். பதின்மூன்றாவது மகன் மெர்னெப்தாதான் அவருக்குப் பின் அரசரானார். கி.மு. 1213-இல், தொண்ணூறு வயதளவில், மூட்டு வலியும் பல் நோயும் கொண்ட கிழவராக ராம்ஸெஸ் உயிர் நீத்தார்.

உடல் கெட்டால் மறுமை வாழ்வும் கெடும் என்பது அம்மக்களின் நம்பிக்கை. ஆகவே மூளையையும் குடல்களையும் எடுத்துவிட்டு, ஒருவகை உப்பில் உடலை உலர்த்தி, வாசனைத் தைலம் பூசித் துணியால் சுற்றினார்கள். இதற்கு எழுபது நாள் செல்லும். துணியை இறுக்கும்போது மன்னரின் எடுப்பான மூக்கு நசுங்காதிருக்க அதனுள் மிளகை வைத்தார்கள். மிளகோ தென்னிந்திய மலைக்காட்டின் கொடி. அங்கிருந்துதான் பல கை மாறி மிஸ்ர் போயிற்று. பிற்காலத்தில், கி.பி. முதல் நூற்றாண்டில், நம் தமிழ் வணிகரே அக்கரைக்குச் சென்றார்கள். செங்கடல் ஓரத்துக் குஸைரில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் தமிழ் எழுத்தில் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. பெரெனிகே துறைமுகத்தில் ஒரு பெரிய சாடியில் ஏழரை கிலோ மிளகு அப்படியே இருந்தது.

உடலிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தவர்கள் இதயத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். ஏனெனில் மறுமையில் அது தராசில் நிறுக்கப்படும், எதிர்த்தட்டில் சத்தியத்தின் இறகு இருக்கும் என்று நம்பினார்கள். இறந்தவன் தான் செய்யாத பாவங்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். எடையிலும் அளவிலும் மோசம் செய்யவில்லை என்பதும் அவற்றில் ஒன்று. தராசு உண்டு என்பதை அறிந்திருந்தும், மன்னரையே தெய்வமென வணங்கி அம்மக்கள் வழிதவறினார்களே, அதுவே வருந்தத்தக்கது.

ராம்ஸெஸின் கல்லறையைத் திருடர் கொள்ளையடித்தார்கள். பூசாரிகள் அவருடைய உடலை வேறு துணியில் சுற்றி, மலைப் பொந்தொன்றில் பலருடைய உடல்களோடு ஒளித்தார்கள். 1881-இல் அது வெளிப்பட்டது. பூஞ்சணம் பிடித்ததால் 1976-இல் பாரிஸ் நகருக்குச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். அங்கே ராணுவ மரியாதையுடன் வரவேற்பு நடந்தது. 2021 ஏப்ரல் 3-ஆம் தேதி, இருபத்திரண்டு அரச உடல்களில் ஒன்றாக ஊர்வலமாகக் கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியிலுள்ள காட்சிசாலைக்குக் கொண்டுபோனார்கள். அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் பள்ளிவாசல் கட்டிய அதே ஃபுஸ்தாத்!

நபி மூஸா (அலை) அவர்களை எதிர்த்துக் கடலில் மூழ்கிய பிர்அவ்ன் இவர்தாம் என்று நம்மில் பலர் உறுதியாகச் சொல்லுகிறார்கள். மகன் மெர்னெப்தா என்று சொல்வோரும் உண்டு. வேறு மன்னர் என்பாரும் உண்டு. அறிஞர்களிடையே ஒத்த முடிவில்லை. திருக்குர்ஆன் அவனுடைய உடல் பின்வருவோருக்கு அத்தாட்சியாகப் பாதுகாக்கப்படும் என்று அறிவிக்கிறதே தவிர, பெயர் சொல்லவில்லை. அல்லாஹ் பெயரிடாத இடத்தில் நாம் பெயரிட்டுச் சாட்சி சொல்லுவது சரியல்ல. நிறுத்துப் பார்க்காத சரக்கை விற்கக் கூடாதென்று அறிந்த நமக்கு இது தெரியாததா?

பெயர் எதுவாயினும் படிப்பினை ஒன்றே. அழியாதிருக்க விரும்பியவர் கண்ணாடிப் பெட்டிக்குள் வேடிக்கைப் பொருளாகக் கிடக்கிறார். நமக்கோ சில முழம் கபன் துணியும் மண்ணும் போதும். மூக்கில் மிளகு வேண்டாம். மிளகை நிறுத்த கைகள் நேர்மையாக இருந்தால் போதும். நாம் நம்மைப் பற்றி எழுதிவைக்கும் கணக்கு அங்கே செல்லாது. மலக்குகள் எழுதும் கணக்கே செல்லும். கியாமத் நாளின் மீஸானை நினைத்து, நாளைக் காலை கடை திறக்கும்போது நம் தராசை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வோமாக. வல்ல நாயன் அதற்குத் தௌபீக் செய்வானாக. ஆமீன்.