பால் தந்த மரம்

குழந்தைகளே! விருந்துக்குப் போன வீட்டில், நீங்கள் இதுவரை பார்த்தே இராத ஒரு பண்டத்தை இலையில் வைத்தால் என்ன செய்வீர்கள்? முகத்தைச் சுளித்து ஒதுக்கி விடுவீர்களா? கொஞ்சம் ருசி பார்ப்பீர்களா? அப்படி ருசி பார்த்த ஓர் அறிஞரின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் 1769-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் ஜெர்மனியின் பெர்லின் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே செடி, பூச்சி, கல் என்று எதைக் கண்டாலும் சேகரிப்பார். தாயார் விட்டுச் சென்ற சொத்தைக் கொண்டு தூர தேசங்களை ஆராய விரும்பினார். பாரிஸ் நகரில் எய்மே போன்பிளான் என்ற பிரெஞ்சு மருத்துவர் அவருக்கு நண்பரானார். தாவரங்களை நன்கு அறிந்தவர் அவர். 1799-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள், இருவரும் கப்பலில் வந்து இன்றைய வெனிசுலா நாட்டில் இறங்கினார்கள்.

அங்கே பசுவைப் போல் பால் தரும் மரம் ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டார்கள். எருக்கம்பால் பட்டாலே ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியும் அல்லவா? மரத்துப் பால் பெரும்பாலும் நஞ்சு என்பதை ஹம்போல்ட்டும் அறிவார். 1800-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்த மரத்தை நேரில் பார்த்தார். பட்டையை வெட்டியதும் கெட்டியான வெள்ளைப் பால் வழிந்தது. தோட்டத்தில் அடிமைகளாக உழைத்த மக்கள் அதில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவார்கள் என்று அறிந்தார். அதன் பிறகு இரவிலும் மறுநாள் அதிகாலையிலும் தாமும் அதைக் குடித்தார். கொஞ்சம் பிசுபிசுப்பு, ஆனால் நல்ல மணம். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை!

பிறகு இருவரும் ஒரினோகோ ஆற்றில் படகில் சென்றார்கள். அங்குள்ள பழங்குடி மக்களின் முக்கிய உணவு மரவள்ளிக்கிழங்கு. ஆம், நாம் அவித்துச் சாப்பிடும் கிழங்குதான்! அதன் தாயகமே தென் அமெரிக்கா. அதில் கசப்பு வகையின் சாற்றில் கடும் நஞ்சு உண்டு. அந்த மக்கள் கிழங்கைத் துருவி, சாற்றைப் பிழிந்து நீக்கி, மாவைச் சுட்டு ரொட்டியாக்கினார்கள். எந்தப் பள்ளியிலும் படிக்காத அவர்களிடம் எவ்வளவு அறிவு பாருங்கள்!

மரவள்ளி மாவுடன் எறும்பை அரைத்துக் கலந்த உணவும் அங்கே உண்டு. ஹம்போல்ட் அதையும் ருசி பார்த்தார். ரொட்டித் தூளில் பிசைந்த பழைய வெண்ணெய் போல் இருந்ததாம். அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அந்த முடிவுக்கு வந்தார். ஒரு சமயம் கையிலிருந்த உணவுப் பொருள்கள் தீர்ந்துபோக, சர்க்கரை இல்லாத வெறும் கோகோவைத் தின்று, ஆற்று நீரைக் குடித்துப் பசியாறினார்கள்.

75 நாள் ஆற்றுப் பயணம் முடிந்ததும் இருவரையும் காய்ச்சல் பிடித்தது. ஹம்போல்ட் விரைவில் குணமானார். போன்பிளானோ உயிருக்குப் போராடினார். ஆற்று வழியைத் தேர்ந்தெடுத்தது தாம்தானே என்று ஹம்போல்ட் மனம் நொந்தார். நண்பர் பிழைத்து எழும்வரை பயணத்தை நிறுத்திக் காத்திருந்தார். பிறகு இருவரும் சேர்ந்தே பயணத்தைத் தொடர்ந்து, 1804-ஆம் ஆண்டு ஐரோப்பா திரும்பினார்கள். 1859-இல், தமது 89-ஆம் வயதில் ஹம்போல்ட் காலமானார்.

குழந்தைகளே! தெரியாத காயையோ இலையையோ நீங்களாக வாயில் வைத்து விடாதீர்கள். அந்த ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். ஆனால் அன்போடு ஒருவர் தரும் உணவை, ருசி பாராமலே இழிவாகப் பேசாதீர்கள். அதற்குள் ஓர் ஊரின் அறிவே இருக்கக்கூடும்!