தோல்வியிலும் துவளாத ஷாக்கிள்டன்

வெற்றி பெற்றோரின் வரலாறுகளையே நாம் விரும்பிப் படிக்கிறோம். தென்துருவத்தை முதன்முதலில் அடைந்தவர் யார் என்று வகுப்பில் கேட்டால், அமுண்ட்சென் என்று சொல்லப் பல கைகள் உயரும். ஆனால் அத்துருவத்தை நோக்கி மும்முறை புறப்பட்டும் ஒருமுறைகூட அதை எட்டாத ஒருவரை உலகம் இன்றும் போற்றுகிறது. அவர்தாம் சர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன்.

அயர்லாந்து நாட்டின் கில்டேர் பகுதியில் 1874-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை மருத்துவர். மகனும் மருத்துவனாக வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனின் மனமோ கடலையே நாடியது. 16-ஆம் வயதில் அவர் கப்பலேறினார்.

1901-ஆம் ஆண்டு காப்டன் ஸ்காட்டின் குழுவில் சேர்ந்து தென்துருவப் பகுதிக்குச் சென்றார். நோயுற்றதால் 1903-இல் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மனம் உடைந்து மூலையில் அமரவில்லை. 1907-இல் தாமே ஒரு குழுவைத் திரட்டினார். 1909 ஜனவரி 9-ஆம் நாள் அவரும் தோழர் மூவரும் துருவத்துக்கு ஏறக்குறைய 180 கிலோமீட்டர் தொலைவில் நின்றனர். அதுவரை எவரும் அவ்வளவு தெற்கே சென்றதில்லை. ஆனால் உணவு தீர்ந்துகொண்டிருந்தது. மேலே சென்றால் புகழ் கிடைக்கலாம். உயிரோடு திரும்ப முடியாது. கைக்கெட்டிய கனியை விட்டுவிட்டு ஷாக்கிள்டன் திரும்பினார். நால்வரும் பிழைத்தனர்.

1911 டிசம்பர் 14-ஆம் நாள் அமுண்ட்சென் துருவத்தை அடைந்தார். உடனே ஷாக்கிள்டன் வேறொரு கனவு கண்டார். ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை, துருவத்தின் வழியாக, அப்பனிக்கண்டத்தையே கடக்க எண்ணினார். அவருடைய கப்பலின் பெயர் எண்டூரன்ஸ். தாங்கும் ஆற்றல் என்பது அதன் பொருள். 1914 டிசம்பர் 5-ஆம் நாள் தென் ஜார்ஜியா தீவிலிருந்து 28 பேருடன் அது புறப்பட்டது.

1915 ஜனவரியில், கரையை நெருங்கிய வேளையில், கப்பல் பனிக்கட்டிகளிடையே சிக்கிக்கொண்டது. மாதக்கணக்கில் பனியோடு மிதந்து, அதனால் நெருக்கப்பட்டு நொறுங்கியது. அக்டோபர் 27-இல் அனைவரும் பனியின்மேல் இறங்கினர். நவம்பர் 21-இல் கப்பல் மூழ்கியது.

கனவும் அத்துடன் மூழ்கியது. ஆயினும் ஷாக்கிள்டன் அதை எண்ணி ஏங்கி நிற்கவில்லை. ஒருவரையும் இழக்காமல் வீடு சேர்ப்பதே இனி நம் வேலை என்று உறுதி கொண்டார். சுமையைக் குறைக்க வேண்டியிருந்ததால், முதலில் தம்மிடமிருந்த பொற்காசுகளையே பனியில் எறிந்தார். ஆனால் ஒருவருடைய பான்ஜோ இசைக்கருவியை மட்டும் எடுத்துவரச் செய்தார். உணவைப் போலவே மகிழ்ச்சியும் தேவை என்பதை அவர் அறிந்திருந்தார்.

1916 ஏப்ரலில் பனி உடைந்தபோது மூன்று படகுகளில் ஏறி யானைத் தீவை அடைந்தனர். 16 மாதங்களுக்குப் பின் அன்றுதான் அவர்கள் கால்கள் மண்ணைத் தொட்டன. ஆளில்லாத அத்தீவுக்கு யார் உதவ வருவார்? எனவே ஷாக்கிள்டனும் ஐவரும் ஏறக்குறைய 7 மீட்டர் நீளமே உள்ள ஒரு படகில், தென் ஜார்ஜியாவை நோக்கி, கொந்தளிக்கும் கடலில் சுமார் 1,300 கிலோமீட்டர் சென்றனர். 16 நாட்களில் கரை சேர்ந்தனர். ஐயோ, அது தீவின் மறுபக்கம்! திமிங்கில வேட்டைக்காரர் வாழும் இடம் மலைகளுக்கு அப்பால் இருந்தது. வோர்ஸ்லி, கிரீன் என்னும் இருவரோடு, காலணிகளின் அடியில் திருகாணிகளைப் பொருத்திக்கொண்டு, 36 மணி நேரம் நடந்து பனிமலைகளைக் கடந்தார்.

யானைத் தீவில் 22 பேர் காத்திருந்தனர். கவிழ்த்து வைத்த இரு படகுகளே அவர்களுக்கு வீடு. பெங்குவின், சீல் இறைச்சியே உணவு. மூன்று முறை கப்பலில் சென்றும் பனி ஷாக்கிள்டனை மறித்தது. நான்காம் முறை, சிலி நாட்டின் யெல்சோ என்னும் சிறு கப்பலில் சென்று, 1916 ஆகஸ்ட் 30-ஆம் நாள் 22 பேரையும் மீட்டார்.

கண்டத்தின் மறுபுறம் அவருக்காக உணவுப்பொருள் சேமித்து வைத்த குழுவில் மூவர் மாண்டுபோயினர் என்பதையும் நாம் மறத்தலாகாது. எஞ்சிய எழுவரை மீட்கச் சென்ற கப்பலில் அவரும் சென்றார்.

1922 ஜனவரி 5-ஆம் நாள், மற்றுமொரு பயணத்தின் தொடக்கத்தில், தம் 47-ஆம் வயதில் தென் ஜார்ஜியாவில் மாரடைப்பால் காலமானார். அவர் விட்டுச்சென்றது செல்வமன்று, கடனே. 2022 மார்ச்சில், 3,008 மீட்டர் ஆழத்தில் எண்டூரன்ஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பெயர் இன்னும் அழியாதிருந்தது.

பொறுமை என்றால் பிடித்த பிடியை விடாதிருத்தல் என்றே நாம் எண்ணுகிறோம். விடவேண்டியதை விட்டு, காக்கவேண்டியதைக் கடைசிவரை காப்பதும் பொறுமையே என்பதை ஷாக்கிள்டன் வாழ்ந்து காட்டினார். தேர்விலோ விளையாட்டிலோ நாம் நினைத்த இடம் கிட்டாமல் போகலாம். அப்போது சோர்ந்து அமராமல், அடுத்துச் செய்ய வேண்டியது எது, நம்முடன் வந்தவர்களில் பின்தங்கி நிற்பவர் யார் என்று திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொள்வோமாக!