கணிப்பொறி மொழி கண்ட நிகார்ட்

நார்வே நாட்டின் தலைநகரமாகிய ஆஸ்லோவில், 1926ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள் கிரிஸ்டன் நிகார்ட் பிறந்தார். 1948ஆம் ஆண்டு அந்நாட்டுப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்திற் பணியேற்றார். 1956இல் ஆஸ்லோப் பல்கலைக்கழகத்தில் கணித முதுகலைப் பட்டம் பெற்றார். 1960இல் நார்வேக் கணிப்பு நடுவத்திற் சேர்ந்தார்.

பலர் ஒருங்கே தொழில் புரியும் இடங்களில் நெருக்கடியும் காலத்தாழ்வும் எவ்வாறு நேர்கின்றன என்று ஆராய்வதில் அவர் ஈடுபட்டார். கணிப்பொறிக்குரிய கட்டளைத் தொகுதியை நிரல் என்பர். அக்கால நிரல்கள், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவேண்டிய கட்டளைகளின் வரிசையாகவே பெரிதும் அமைந்தன. உலகமோ அவ்வாறு ஒரே வரிசையில் இயங்குவதில்லை. நம் நாட்டில், சேலத்தையடுத்த அயோத்தியாப்பட்டணம் இரயில் நிலையத்தை எண்ணிப் பாருங்கள். பயணிகள் சீட்டுப் பெற நிற்கின்றனர். சீட்டு வழங்குவோர் தம் பணியைச் செய்கின்றார். அதே வேளையில் இரயில் ஒன்று நிலையத்தை நெருங்குகின்றது. ஒவ்வொருவர்க்கும் தனிச் செயல் உண்டு. ஒருவரது தாமதம் மற்றவரைப் பாதிப்பதும் உண்டு. இவற்றை நிரலில் அமைப்பது எங்ஙனம்?

இவ்வினாவிற்கு விடை காண, 1962 முதல் ஓலே யோஹான் டால் என்னும் அறிஞரோடு கூடி உழைத்தார் நிகார்ட். இருவரும் கரும்பலகையின்முன் நின்று உரத்த குரலில் வாதிடுவர். புதிதாக வந்த ஊழியர் ஒருவர் அதனைச் சண்டையென்றே எண்ணி அஞ்சினாராம்! அவ்வுழைப்பின் பயனாகச் சிமுலா என்னும் மொழி பிறந்தது. 1967இல் அது செப்பமுற்றது. அம்மொழியில் பயணி ஒரு பொருள். சீட்டு வழங்குவோரும் ஒரு பொருள். ஒவ்வொரு பொருளும் தன் செய்திகளையும் செயல்களையும் தன்னகத்தே கொண்டிருக்கும். ஒன்று இடையில் நின்று மற்றொன்றுக்கு வழிவிடும். பின்னர் விட்ட இடத்திலிருந்தே தொடரும். ஒத்த பொருள்களுக்குரிய பொது அமைப்பிற்கு வகுப்பு என்று பெயர். ஒரே கணக்கைப் பலர் ஒருங்கே மாற்ற முற்பட்டால் அது பிழைபடுமன்றோ? அதனைத் தடுக்கும் காவல் முறையை 1970களில் பிரிஞ்ச் ஹான்சனும் ஹோரும் வகுத்தபோது, வகுப்பு என்னும் இக்கருத்து அவர்கட்குத் துணைநின்றது.

நிகார்ட் அதனோடு அமையவில்லை. ஆலைகளிற் கணிப்பொறி புகுந்தபோது, தம் ஆராய்ச்சி தொழிலாளர்க்குத் தீங்காகுமோ என்று கவன்றார். 1970களின் தொடக்கத்தில் நார்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து பணியாற்றினார். எவருடைய வாழ்வு பொறியால் மாறுமோ, அவர்க்கு அதனை அமைப்பதிற் பங்கு வேண்டும் என்பது அவர் கொள்கை.

2001ஆம் ஆண்டின் டூரிங் விருது இருவர்க்கும் கிட்டியது. 2002 ஜூன் 29இல் டால் மறைந்தார். ஆறு வாரங்களில், ஆகஸ்டு 10ஆம் நாள், நிகார்டும் மறைந்தார். ஜாவா முதலிய மொழிகள் இன்றும் அவர்கள் காட்டிய நெறியிற் செல்கின்றன. நிரலில் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய இடத்தை அளித்த நிகார்ட், ஆலையில் ஒவ்வொரு தொழிலாளர்க்கும் உரிய இடத்தை வேண்டிநின்றார். அறிவும் அருளும் இணைந்த வாழ்வு அவருடையது.