களமிறங்கிய அரசன்

சதுரங்கத்தில் அரசனைக் காப்பதே முதற்கடமை. அவன் சிறைப்பட்டால் ஆட்டம் முடிந்தது. ஆதலால் தொடக்கத்திலேயே கோட்டை கட்டி, சிப்பாய்களின் பின்னே அவனை மறைத்து வைப்பர். காய்கள் பெரும்பாலும் வெட்டுண்ட பின்னரே அவன் வெளியே வருவான். இம்மரபுக்கு மாறாக, பலகை நிறையக் காய்கள் இருக்கும்போதே அரசனைக் களத்தில் இறக்கியவர் வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ்.

1836ஆம் ஆண்டு பிராகா நகரின் யூதர் குடியிருப்பில் அவர் பிறந்தார். வியன்னாவுக்குத் தொழில்நுட்பம் கற்கச் சென்றவர், கல்வியைக் கைவிட்டுச் சதுரங்கத்தையே பிழைப்பாகக் கொண்டார். 1866இல் லண்டனில் புகழ்பெற்ற ஆண்டர்சனை வென்றார்.

மறு ஆண்டு ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் நடைபெற்ற போட்டியில் ஒரு புதுமை செய்தார். சிப்பாய் ஒன்றைப் பலிகொடுத்து நடுக்களத்தைப் பிடித்தார். எதிராளியின் அரசி விரைந்து வந்து முற்றுகையிட்டாள். ஸ்டைனிட்ஸ் ஐந்தாம் நகர்த்தலிலேயே தம் அரசனை ஒரு கட்டம் முன்னே வைத்தார். கோட்டை கட்டும் உரிமை அத்துடன் போயிற்று. பேதைமையாகத் தோன்றும் இச்செயலின் பின் தெளிவான கணக்கு இருந்தது. துணையின்றி வந்த அரசியால் மட்டும் அரசனை வீழ்த்த இயலாது. அவள் துரத்திக்கொண்டிருக்கும் வரை எதிராளியின் பிற காய்கள் புறப்பட்ட இடத்திலேயே முடங்கிக் கிடக்கும். அவளையோ குதிரையைக் கொண்டு விரட்டலாம். அரசிகள் இருவரும் வெட்டுண்டால், நடுவில் நிற்கும் அரசனே பெருவீரன் ஆவான்.

1886இல் உலக வாகையர் பட்டத்துக்கான முதற்போட்டி அமெரிக்காவில் நடைபெற்றது. பத்து வெற்றிகளை முதலில் எட்டுபவர்க்கே பட்டம். முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கைச் சுக்கர்டோர்ட்டிடம் இழந்த ஸ்டைனிட்ஸ், மெல்ல மீண்டு ஒன்பது வெற்றிகளைப் பெற்றார். மார்ச் 29ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸ் நகரில் இருபதாம் ஆட்டம். முன்னணியில் இருந்தவர் அடக்கமாக ஆடியிருக்கலாம். அவரோ தமது பழைய முறையையே தேர்ந்தார். முற்றுகைக்குள்ளான அரசன் முன்னே வந்தான். மீண்டும் முற்றுகை, பக்கத்தில் ஒதுங்கினான். மூன்றாம் முறையும் முற்றுகை. அரசனை முன்னும் பின்னுமாக நகர்த்தி ஆட்டத்தைச் சமன்செய்ய வழியிருந்தது. ஸ்டைனிட்ஸ் அதனை விரும்பவில்லை. சிப்பாயை முன்தள்ளி அரசனை மேலும் ஒரு கட்டம் நடத்தினார். அதனால் யானைக்கு வழி திறந்தது. பதினேழாம் நகர்த்தலில் அந்த யானையைக் கொடுத்துக் குதிரையை வெட்டினார். அடுத்து அவருடைய குதிரை எதிராளியின் அரசனையும் அரசியையும் ஒருசேரத் தாக்கியது. பத்தொன்பது நகர்த்தல்களில் ஆட்டமும் பட்டமும் அவர் வசமாயின.

இத்துணிவு எப்போதும் கைகொடுத்ததாகக் கூற இயலாது. 1890-91இல் ரஷ்ய வீரர் சிகோரினுடன் தந்தி வழியே இரண்டு ஆட்டங்கள் ஆடினார். தம் நூலில் பரிந்துரைத்த நகர்த்தல்களையே மெய்ப்பிக்க முயன்று இரண்டிலும் தோற்றார். பிடிவாதம் என்றே அதனைச் சொல்லவேண்டும். 1894இல், ஐம்பத்தெட்டாம் வயதில், இளைஞர் லாஸ்கரிடம் பட்டத்தை இழந்தார். மாஸ்கோவில் நடந்த மறுபோட்டியிலும் தோல்வியே. அதன்பின் மனநலம் குன்றியது, வறுமையும் சூழ்ந்தது. 1900 ஆகஸ்ட் 12 அன்று நியூயார்க்கில், மனநல மருத்துவமனையில் காலமானார்.